சுவீடனில் இருக்கும் நாய்க்கு ஒரு பூசை

இயேசு மரி சூசை

ராயபுரம்,
12.2.1973

அன்பு மகள் ஃப்ளோராவுக்கு நைனா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் பற்கள் மட்டும் சுகமில்லை. அங்கே பனியில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா என்று அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறாள், நான் என்ன சுவீடனிலா இருக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கிருமி அண்டாத செயற்கைப் பல்வேர் செய்வதற்காக நாய்களின் தாடையில் நீ உலோகம் பதித்த இடமெல்லாம் சீழ் வைத்துவிட்டது, ஒரே ஒரு நாய்தான் பாக்கி, அதற்கும் ஈறு வீங்கினால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ எப்போது வருவாய் என்று ராப்பகலாக அழுகிறவள், மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய் அந்த நாய்க்காகப் பூசை வைக்கக் கேட்டிருக்கிறாள். யாருக்கு என்று உபதேசியார் யேசுதாஸ் விசாரித்ததற்கு, பேரு தெரியாது, சுவீடன்ல கீது, ஒடம்பு சரியில்ல என்றாளாம். நேற்று ஞாயிறு பூசையில் சாமியார், சுவீடனில் நோயுற்றிருக்கும் ஒருவருக்காக மன்றாடுவோம் என்றார். கோயிலே முழங்காலில் நின்றது. நான் தலை நிமிரவே இல்லை.

சாயந்திரம் நம் வீட்டில் ஒரே கூட்டம், உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று அழுதுகொண்டே வந்துவிட்டார்கள். கடைசியில் அம்மா நாய் என்று ஒப்புக்கொண்டாள். சிரிசிரி என்று சிரித்தார்கள். மீன் விற்கிற லூர்து பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. தெருவோரத்தில் கட்டிக்கொண்ட பல் சீழ் பிடித்து, போன வருஷம் தாடையை அறுத்தார்களே, அவள்தான். இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க, அந்த நாயி பொழச்சாத்தான் நம்ம வாயும் பொழைக்கும், இன்னொரு பூசை வையிம்மே ரோசி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மகளே, நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருப்பது நிஜம். ஆனாலும் என் பல்லைப் பார்க்க வேண்டும் என்று ஓடி வராதே. கஞ்சியும் அவித்த மீனுமாக நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தள்ளிவிடுவேன். இந்த நாய்க்கு ஆகவில்லை என்றால் இன்னொன்றுக்கு வேர் பதித்துப் பார். வேளாவேளைக்குச் சாப்பிடு.

வேளாங்கண்ணி மாதா உன்னையும் அந்த ஜீவனையும் காப்பாற்றட்டும். முக்கியமானதை மறந்துவிட்டேன், அடுத்த மாசம் மறுபடியும் பூசை, நாயின் பெயரை உடனே எழுது. இல்லாவிட்டால் ஃப்ளோரா என்றே சொல்லிவிடுவேன் என்கிறாள் உன் அம்மா.

உன் நைனா
சிலுவைமுத்து