என் கைநாட்டுக்கு மேலே இருந்தது

17-7-2006, திங்கள்

இன்று கோர்ட்டில் சாட்சி சொன்னேன். முன்பு ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நடந்த அடிதடி வழக்கில், என்னோடு வேலை செய்யும் ஏழுமலையைப் போலீஸ்காரர்கள் சேர்த்துவிட்டார்கள். அந்த நேரம் அவன் என்னோடு பீங்கான் சூளையில் வேலை செய்துகொண்டிருந்தான். அதைச் சொல்ல நான் ஒருவன்தான்.

அரசு வக்கீல் ஒரு மனுவை எடுத்தார். அவனைப் பிடித்த அன்று போலீசுக்குக் கொடுக்க, நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதி, நான் கைநாட்டு வைத்தது. அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது; அதன்பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

“சாயங்காலம் கூட இருந்தான்னு இதுல இருக்குது. இப்ப காலையிலன்றீங்க. எது பொய், பெரியவரே?”

“காட்டுங்க, படிக்கிறேன்” என்றேன்.

“கைநாட்டு படிக்குமா?” என்று சிரித்தார்.

ஜட்ஜம்மா சிரிக்கவில்லை. “எழுதினத வச்சு மடக்கணும்னா அந்த எடத்த அவருக்குக் காட்டணும். சட்டம் அதான். குடுங்க.”

எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். ‘காலையில் சூளை பிரிக்கும்போது ஏழுமலை என்னுடன் இருந்தான். சாயங்காலம் அடுக்கும்போதும் இருந்தான்.’

வக்கீல் முதல் வரியை விட்டுவிட்டுக் கேட்டிருக்கிறார். மனுவை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே ஏழுமலை மனைவி தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “இன்னும் கொஞ்சம் வேகமா படிக்கக் கூடாதா மாமா? உசுரே போயிட்டு வந்துச்சு.”

“இதான் என் வேகம்மா” என்றேன்.

தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. இருந்தாலும் இன்று தூக்கம் வரும். நான் சொன்னதைத்தான் அந்த மனுவில் எழுதியிருக்கிறார்கள். இத்தனை நாளாக அது எனக்குத் தெரியாது.