எதை என்று கேட்கச் சொன்னாயே

அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா ரோஸ்மேரி எழுதுவது. கர்த்தரின் கிருபையால் வேலம்பாளையத்தில் நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் உன்னோடு இருக்கும் நர்ஸ் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் மாத்திரையைப் போட்டேன் என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், துவைக்கும்போது கரைந்து கிடக்கிறது. நம் சபை சகோதரி ஒருத்தி லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறாள், முறுக்கோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் இந்த லைன் வீட்டில் பக்கத்து அறை வரைக்கும் கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு எக்ஸ்டர்பேஷன் என்றால் என்ன என்று உன்னைக் கேட்டேனே, எதற்கும்மா என்று நீ எத்தனையோ தடவை கேட்டும் நான் சொல்லவில்லை. பக்கத்து அறை விஜயகுமாரிக்காகத்தான் கேட்டேன். எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாளே, பல்லடத்துப் பிள்ளை, உனக்குத் தெரியும். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், அடுத்து ஒன்று தங்காமல் போனதிலிருந்து இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நாளாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை, முகம் வெளிறிப் போய்விட்டது. கம்பெனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் மருத்துவ முகாம் போட்டார்கள், ஸ்கேன் எடுத்துக் கட்டி இருக்கிறது என்றார்கள். ஆபீசில் ஹெச்.ஆர். மேடம் சித்ராதேவி, நாங்கள் பாத்ரூம் போனாலே கடிகாரத்தைப் பார்க்கிறவள், இவளுக்கு மட்டும் சம்பளத்தோடு லீவு, கம்பெனி வண்டி, கையில் டீ எல்லாம் கொடுத்தாள். அதைப் பார்த்ததுமே எனக்கு இது சரியில்லை என்று பட்டது. ஆள் அனுப்புவதற்கு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஏதாவது கமிஷன் கிடைக்கிறதோ என்று நினைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு நான் போனேன். டாக்டர் அவளிடம், கட்டிதாம்மா, எடுத்துட்டா சரியாயிடும் என்றார். பிறகு நர்சு பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார், அதில் அந்த வார்த்தை வந்தது. அதைக் கேட்டதும் நர்சு விஜயகுமாரியை ஒரு பார்வை பார்த்தாள், மறுபடி டாக்டரைப் பார்த்தாள், அப்புறம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பார்வைதான் என்னைத் தூங்க விடவில்லை. வராந்தாவில் அவளை மறித்துக் கேட்டதற்கு, சுத்தமா எடுக்கறதுங்க என்று சொல்லிவிட்டு ஓடாத குறையாகப் போய்விட்டாள். அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்து உனக்குப் போன் போட்டேன்.

நீ சொன்னாய், இது யாரும் வீட்டில் பேசுகிற வார்த்தை இல்லை, புத்தகத்திலும் ஆபரேஷன் குறிப்பிலும் வருகிறது, மிச்சமில்லாமல் வேரோடு பிடுங்கிவிடுவது என்று அர்த்தம், ஒரு ஊரில் ஒரு பறவை இனமே இல்லாமல் போனால்கூட இதைச் சொல்வார்கள் என்று. கடைசியாக ஒன்று சொன்னாய், அந்த வார்த்தையை வைத்து மட்டும் ஒன்றும் தெரியாது, எதைப் பிடுங்குகிறார்கள் என்று கேளுங்கம்மா என்று. அதைச் சொல்வதற்கு முன் நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், நீயும் எதையோ மறைக்கிறாயோ என்று உன்னையே சந்தேகப்பட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில் விஜயகுமாரிக்குப் பச்சை கவுன் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் குருசாமி பக்கத்தில் நின்றார். டாக்டர் உள்ளே வந்ததும் எழுந்து நின்று கேட்டேன், எக்ஸ்டர்பேஷன்னு சொன்னியளே டாக்டர், எதை, கட்டியையா, கர்ப்பப்பையையா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது என்றார். நீங்கதான் சொன்னிய என்றேன். அதற்கு அவர், கட்டி திரும்ப வரக் கூடாதுன்னா பையோட எடுக்கறதுதாம்மா நல்லது, ஒரு குழந்தை இருக்கில்ல என்றார். விஜயகுமாரி கட்டிலை விட்டு இறங்கித் தன் சேலையைத் தேடினாள். அப்புறம் குருசாமியைப் பார்த்தாள். அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்குங் கட்டின்னுதான் சொன்னாங்க கண்ணு, நெசமா வேற எதுவும் தெரியாது என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சேலையை எடுத்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தானே, எனக்கும் அவர்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.

கோயம்புத்தூரில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கட்டியை மட்டும் எடுத்துப் பையை விட்டுவைக்கத்தான் பார்ப்போம், ஆனால் உள்ளே ரத்தம் நிற்காவிட்டால் உயிரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கும் சம்மதமா என்று விஜயகுமாரியிடமே கேட்டார். பயமாக இருந்தாலும், ஒருத்தர் முழுசாகச் சொன்னாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பை இருக்கிறது. அப்போதும் நான் விடவில்லை, நெசமாவே வச்சிருக்கியளா டாக்டர் என்று கேட்டேன், அவர் சிரித்துவிட்டார். குருசாமி வீட்டுக்கே போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். அவள் தையல் பிரிக்கிற அன்றுதான் அவரிடம், சாப்டீங்களா என்று கேட்டாள்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சித்ராதேவி மேடம் ஆப்பிளோடு விஜயகுமாரியைப் பார்க்க வந்தாள். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நான் முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது என்னைக் குழாயடிப் பக்கம் தனியாகக் கூப்பிட்டாள். ஏனுங்கக்கா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாமே, அது என்னங்க என்றாள். சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். அதற்கு அவள், ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கும் அதே டாக்டர்தானுங்க ஆபரேசன் பண்ணாரு, கட்டின்னுதான் சொன்னாங்க, நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னுதான் விஜயாவையும் அங்க அனுப்பினேன் என்றாள். அதுக்கப்புறம் எனக்கு மாசாமாசம் வர்றது நின்னுபோச்சுங்கக்கா, உடம்புல ரத்தம் கம்மி, போகப் போகச் சரியாயிடும்னாங்க, இப்ப வீட்டுல மாப்பிள்ளை பாத்து நிச்சயம் பண்ணியிருக்காங்க என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது மகளே. என் மக நர்சு, அவகிட்ட கேட்டுச் சொல்லுதேன் என்று மட்டும் சொன்னேன். முப்பது வயதுகூட ஆகவில்லை அவளுக்கு. இத்தனை நாள் அவளைப் பற்றி நான் தப்பாகவே நினைத்திருக்கிறேன்.

நீதான் அவளிடம் பேச வேண்டும். நம்பர் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு மத்தியானம் அறையில் தனியாக இருப்பாள், அப்போது கூப்பிடு. முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல், அவள் கேட்டால் மழுப்பாதே, பாதி சொல்லி மீதியை விடாதே. அவள் அழுதால் போனை வைக்காமல் கூடவே இரு. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஏசியில் போய் நிற்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா
ரோஸ்மேரி ஜெபக்குமார்