இடது பக்கத்துத் தூண்

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

காலை ஏழு மணிக்கே ஹைதராபாத்திலிருந்து கிளம்பி வரங்கல் நெடுஞ்சாலையில் போங்கிர் வரை போய், இட்லி சாப்பிட்டுத் திரும்பினோம். ஞாயிற்றுக்கிழமை வண்டிப் பைத்தியங்கள் எட்டுப் பேர், ஆறு வண்டி. குழுவில் ஒருவர் புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். எனக்கும் ஓட்டக் கொடுத்தார். வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சத்தமும் இல்லை, கியரும் இல்லை. பசியில்லாதவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஏசியைக் கூட்ட வேண்டுமானால் திரையை மூன்று தடவை தடவ வேண்டுமாம். திருகு குமிழைக் கண்டுபிடித்தவன் என்ன முட்டாளா?

சாலையில் கோட்டைப் பார்த்து வண்டி தானே வளைந்துகொள்ளும் என்று பெருமையாகச் சொன்னார். உப்பல் சாலையில் அது ஒரு கோட்டைக் கண்டுபிடித்துக் காட்டட்டும், நானே மாலை வாங்கிப் போடுகிறேன். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன். என் வண்டியை என் கை ஓட்டினால் போதும்.

ஜனவரி 18 – சனி

வர்ஷினியோடு மதியக் காட்சி. கல்லூரிக்குப் போன பிறகும் அப்பாவோடு அறிவியல் படம் பார்க்க வருகிற ஒரே பெண் இவளாகத்தான் இருப்பாள். கதை முந்நூறு வருடம் கழித்து நடக்கிறது. வானமெல்லாம் பறக்கும் கார். அத்தனை நெரிசலிலும் ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை, ஒருவர் பார்க்கிங் தேடவில்லை. வேற்றுக்கிரகத்துக்காரனைக்கூட நம்பிவிட்டேன், இதைத்தான் நம்ப முடியவில்லை. கடைசியில் கதாநாயகி கணினியை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் தன் கையில் எடுக்கிறாள். கை தட்டினேன். எல்லா எதிர்காலப் படமும் இங்கேதான் வந்து முடியும் — மனிதன் கைதான் கடைசி நம்பிக்கை.

வெளியே வரும்போது ஒருவர் என் இடது தோளில் மோதி பாப்கார்னைக் கொட்டிவிட்டார். பார்த்து வரக்கூடாதா? வர்ஷினி அவரிடம் ஸாரி கேட்டாள். இவள் ஏன் கேட்க வேண்டும்?

ஜனவரி 27 – திங்கள்

அடுக்ககத்து வாசல் தூணில் இடது பம்பர் உரசிவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது கீறல். காரணம் கண்டுபிடித்துவிட்டேன். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கிறதே, அந்த இடது பக்கத் தூண் — அதுதான். கூரை பலமாக இருக்க வேண்டும் என்று தூணைப் பருமனாக்கிவிட்டார்கள், ஓட்டுகிறவன் எதைப் பார்ப்பான் என்று யோசிக்கவில்லை. டேப் வைத்து அளந்தேன். வடிவமைப்புக் கோளாறு என்று குழுவில் படத்தோடு நீளமாக எழுதிப் போட்டேன்.

குழுவில் இருக்கிற ரஞ்சன் வைத்திருப்பதும் இதே வண்டி, இதே வருடம். “எனக்கு ஒண்ணும் மறைக்கலையே பாஸ்” என்று பதில் போட்டிருக்கிறான். அவன் உயரம் வேறு. தவிர, ரஞ்சனுக்கு வண்டி என்றால் நிறம், பாட்டு, அவ்வளவுதான்.

பிப்ரவரி 2 – ஞாயிறு

இருக்கையை இரண்டு படி உயர்த்தினேன். இடது பக்கக் கண்ணாடி மேல் குட்டிக் கண்ணாடி ஒன்று ஒட்டினேன். இப்போது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

சுமதி இப்போதெல்லாம் பின் இருக்கையில்தான் உட்காருகிறாள். கேட்டால் இடுப்பு வலியாம். அவளிடமும் லைசென்ஸ் இருக்கிறது, பதினோரு வருடமாக அலமாரியில். “நீங்க பக்கத்துல உக்காந்தா எனக்குக் கையே ஓடறதில்லீங்க” என்பாள். கோயம்புத்தூர்க்காரியைக் கட்டியிருக்கிறேன், குத்தலைக்கூட மரியாதையாகத்தான் சொல்லுவாள். நான் நல்லதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்?

பிப்ரவரி 14 – வெள்ளி

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாலை அலுவலகத்திலிருந்து வரும்போது மல்லாபூரில் ஃபாக்டரி ஷிப்ட் விட்ட நேரம். இடது பக்கம் திரும்பினேன். தட் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் சைக்கிளோடு ஒருவர் கீழே கிடக்கிறார். பெயர் ராமசுவாமி, ஐம்பது வயதிருக்கும், டிபன் டப்பா திறந்து உருண்டு கிடந்தது. முழங்கையிலும் முட்டியிலும் தோல் உரிந்து ரத்தம். தலை தப்பியது. கிளினிக்கில் கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். திட்டியிருந்தால் தேவலை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார் — “நேனு மீ எதுருகானே உன்னானு கதா சார்?” உங்களுக்கு முன்னாடியேதானே சார் இருந்தேன்?

திரும்பி வந்து தூணை மறுபடி அளந்தேன். அத்தனை பக்கத்தில் ஒரு ஆளையும் சைக்கிளையும் சேர்த்து மறைக்க இந்தத் தூணால் முடியாது. ஒரு நொடி மறைக்கலாம். அவர் ஃபாக்டரி கேட்டிலிருந்தே எனக்கு முன்னால் போயிருக்கிறார். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னடா நடக்குது?

பிப்ரவரி 15 – சனி

வர்ஷினி தோசைத் தட்டோடு என் இடது பக்கம் வந்து நின்றாள். “அப்பா, நேரா சுவத்துக் கடிகாரத்தைப் பாருங்க. கண்ணைத் திருப்பாதீங்க.” பார்த்தேன். “இப்ப என் கையில எத்தனை விரல்?” எந்தக் கை என்று கேட்டேன். சும்மா விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“ஒரு நிமிஷமா கையை ஆட்டிட்டு நிக்கறேன். சீரியஸ்லி, கனபடலேதா?” தெரியவில்லையா என்கிறாள்; பயந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. இடுப்பில் வலியும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 20 – வியாழன்

கண் மருத்துவர். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். விண்கலத்தில் உட்கார்ந்த மாதிரி ஜோராக அழுத்தினேன். நூற்றுக்கு நூறு என்றே நினைத்தேன். அச்சடித்துக் கொடுத்த தாளில் இடது பக்கம் பாதிக்குமேல் கருப்பு. கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறதாம். போன பார்வை வராது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

“கருப்பா ஒண்ணுமே தெரியலையே டாக்டர்” என்றேன்.

“தெரியாது சார். இல்லாத இடத்தை மூளையே நிரப்பிக் காட்டிடும்.”

இதுதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தானியங்கி வண்டியை நம்பாதவன் நான். என் மூளையோ என்னைக் கேட்காமலே காலி ரோட்டை வரைந்து காட்டியிருக்கிறது, நானும் அதை நம்பி ராமசுவாமி மேல் ஏற்றியிருக்கிறேன்.

வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். முன்னேற்றம் எப்படி என்று பிறகு பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.

பிப்ரவரி 21 – வெள்ளி

அழுதேன். பார்க்கிங்கில், வண்டிக்குள் உட்கார்ந்து. யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 3 – திங்கள்

பத்து நாளாக பேரம் பேசிப் பார்த்தேன். பகலில் மட்டும், காலனிக்குள் மட்டும், இன்னும் பெரிய கண்ணாடி வைத்துக்கொண்டு. சுமதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இதை அந்த ராமசுவாமி வீட்ல போய்ச் சொல்லிப் பாருங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இன்று காலை அவள் கேட்காமலே சாவியை அவள் கையில் கொடுத்தேன். குழுவிலும் எழுதினேன்: தூணில் கோளாறு இல்லை, கோளாறு எனக்குத்தான், வடிவமைத்தவர் மன்னிக்கவும்.  பிறகு ரஞ்சன் ஃபோன் செய்து, இட்லிக்கு வராமல் இருந்தால் வீட்டுக்கு வந்து உதைப்பேன் என்றான்.

மார்ச் 16 – ஞாயிறு

தானே ஓடும் கார் வாங்கிவிடலாம் என்கிறாள் வர்ஷினி. உலகத்துக்கு அது வர இன்னும் பத்து வருடம் ஆகும், ஹைதராபாத்துக்கு இருபது. என் அபிப்பிராயம் மாறவில்லை. சீக்கிரம் வந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

ஏப்ரல் 6 – ஞாயிறு

போங்கிர் இட்லி. சுமதி ஓட்டினாள். ஒரு மாதமாகக் காலனிக்குள் பழகியிருக்கிறாள், நெடுஞ்சாலை இன்றுதான் முதல் தடவை. ஈ.சி.ஐ.எல். சந்திப்பிலேயே இரண்டு முறை வண்டி அணைந்தது. பின்னால் ஒரே ஹாரன். என் வலது கால் பிரேக்கைத் தேடிக் கால்விரிப்பை மிதித்தது. வாயைத் திறக்கவில்லை. கட்கேசர் வரை நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“ஏனுங்க, ஒண்ணும் பேசாம வர்றீங்க?”

“என்ன பேசணும்?”

“நீங்க சும்மா இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்குதுங்க. ஏதாச்சும் சொல்லுங்க.”

“நல்லா ஓட்டறே.”

கேலியா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் முகம் சிவந்து, முன்னால் போன லாரியைத் தாண்டினாள்.

உண்மையாகவே நன்றாகத்தான் ஓட்டுகிறாள். மூன்றாவது கியரை மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே — வேண்டாம். இங்கேயும் எழுத வேண்டாம்.