நான்காம் வெண்பாவின் ஈற்றடி

நீ இறந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கான அச்சுப்படி மேசையில் கிடக்கிறது. மை மணம் இன்னும் போகவில்லை. உன் மனைவிதான் கொண்டுவந்து தந்தார். "அண்ணை, அவரின்ரை செம்மண் கவிதையைப் பற்றி நீங்கள்தான் எழுதவேணும். எதுகை, மோனை, யாப்பு எல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

நான்கு வெண்பா. அவுஸ்திரேலியாவின் ஆளில்லாத செம்மண் பாலைவெளியில் வாகனம் பழுதாகி நிற்கும் இருவர். ஒருவன் காய்ச்சலில் கிடந்து தண்ணீர் கேட்கிறான். மண்ணும், கண்ணும், விண்ணும் என்று எதுகை தட்டாமல் ஓடுகிறது. முதல் மூன்று வெண்பாவும் ஒரே அடியில் முடிகின்றன: 'தண்ணீரே இல்லையென்றேன் நான்.'

நீ அந்த நாட்டில் கால் வைத்ததே இல்லை. அந்த 'நான்', நான்.

இங்கே வெக்ஸ்போர்டில் கோப்பிக் கடை வாசலில், உன் காருக்குள் இருந்துதான் சொன்னேன். உதவி எப்போது வருமோ என்ற பயத்தில், போத்தலில் தண்ணீரை வைத்துக்கொண்டே காய்ச்சலில் கிடந்த சிவாவிடம் இல்லையென்றதை. பொழுது சாயமுன் அவன் செத்ததை. உனக்கு மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"எத்தினை தரம் கேட்டவன், மச்சான்?"

"நாலு."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

பாசத்தில் கேட்கிறாய் என்று நினைத்தேன். நீ வெண்பா எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாய்!

அடுத்த பொங்கல் விழாக் கவியரங்கில் ஒவ்வோர் ஈற்றடியையும் இரண்டு தரம் வாசித்தாய். நான்காவதை மட்டும் 'தண்ணீர் கொடுத்தேன் நான்' என்று முடித்தாய். மண்டபம் கைதட்டியது. மோர்னிங்சைட்டிலிருந்து வந்திருந்த சிவாவின் அக்கா, அவனோடு கடைசியாய் இருந்தவன் நான் என்று அறிந்தவர், அழுதுகொண்டே என்னிடம் வந்தார்.

"என்ரை தம்பி தொண்டை நனைஞ்சுதான் போனவன், என்ன தம்பி?"

"ஓம் அக்கா."

அதன்பிறகு உனக்கு நான் முகம் கொடுக்கவில்லை. வருத்தமாய்ப் படுக்கையில் கிடக்கிறாய் என்று கேள்விப்பட்டும் வரவில்லை.

இன்று சீர் பிரித்துப் பார்க்கிறேன். அந்த ஓரடியில் தளை தட்டுகிறது. சீரும் சீரும் இசையவில்லை; வாசிக்க நாக்கு இடறுகிறது. 'கொடுத்தேனே' என்று ஓர் ஏகாரம் போட்டாலே சரியாகிவிடும். உனக்குத் தெரியாததா? 'தண்ணீர் கொடுக்கவில்லை நான்' என்றாலும் பிசிறில்லாமல் வருகிறது. எனக்கென்று விட்டுவைத்த பிழையா, அவசரத்தில் விட்ட பிழையா? எதுவானாலும் நீ செய்தது துரோகம்தான், மச்சான். நம்பிச் சொன்னதை மேடையேற்றினாய். ஏற்றியதையும் உண்மையாய் ஏற்றவில்லை.

அந்தப் பிழையைக் காட்டி இரண்டு பந்தி எழுதினேன். உண்மை அதற்குள் இருந்தது. பிறகு, சிவாவின் அக்காவும் இந்த மலரை எழுத்துக் கூட்டி வாசிப்பார் என்று நினைத்தேன். கிழித்துப் போட்டுவிட்டு, 'நான்கு வெண்பாவிலும் எங்கும் தளை தட்டவில்லை' என்று எழுதி உன் மனைவியிடம் கொடுத்தேன்.

உண்மை தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான். அதைச் சொல்ல ஓர் இடமும் இல்லாமல் செய்துவிட்டுப் போய்விட்டாய்.