மாரி அண்ணன் பட்டறைக்கு விளக்கு மாட்டியது

ஆனி 10, வியாழன்

உலகத்தாருக்கு அறிவிப்பு. எங்கள் ரப்பர் தோட்ட லயத்துக் கோழிக் கொட்டகை இன்று முதல் பட்டறையாகப் பதவி உயர்வு பெற்றது. கோழிகளின் சம்மதம் கேட்கவில்லை. ஜப்பான்காரன் வந்த வருஷமே அவற்றைத் தின்றாயிற்று.

வெயில். காற்றே இல்லை. காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி. ராத்திரிக்கு என்ன என்று அம்மாவிடம் கேட்டு ஓர் அடி.

சாயங்காலம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஐயா வந்தார். கைக்குட்டைக்குள் ஜப்பான் துரையின் கைக்கடிகாரம். ஓடவில்லை.

"மாரி, சனிக்கெழமைக்குள்ள இது ஓடணும்லா. ஓடிச்சின்னா உன்னை ஸ்டோர்ல மிசின் பாக்குற பிட்டரா வச்சிக்கிறேன்னு துரை சொல்லிட்டாரு. ஓடலைன்னா திங்கக்கெழமை லோரியில நீயும் ஏறணும். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

லோரி சயாமுக்கு. ரயில்பாதை போட. முன்பு ஏறியவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

மாரி என் அண்ணன். இஞ்சின் ரூமில் இருந்தவன், இப்போது பகலெல்லாம் காடு வெட்டுகிறான். கடிகாரத்துக்குச் சாயங்காலம்தான். வெளிச்சம் வெளியே தெரிந்தால் ஜப்பான்காரனிடம் கன்னத்தில் அறை விழும், அதனால் கொட்டகையைச் சுற்றிச் சாக்கு. மண்ணெண்ணெய் கிடையாது, தேங்காய் எண்ணெய் விளக்கு ஒன்றுதான். மேலே வைத்தால் அண்ணன் தலை நிழல். கீழே வைத்தால் கண் கூச்சம்.

"திருகாணி ஒவ்வொண்ணும் கடுகுல பாதிடா. நான் திரும்புற பக்கமெல்லாம் வெளிச்சம் வரணும்."

வரும். பொறுப்பு என்னுடையது.

ஆனி 11, வெள்ளி

சேகரித்தவை (அம்மா பாஷையில் திருடியவை): மூங்கில் 1. செத்த சைக்கிளின் அச்சு. பால் டின். இப்போது பால் வெட்டாத ரப்பர் மரத்திலிருந்து, பால் பிடிக்கும் மங்கும் அதைத் தாங்கும் கம்பியும். மரத்தில் வடிந்து காய்ந்த ரப்பர், ஒட்டுப்பால், ஒரு கை.

தூணில் அச்சு. அச்சில் மூங்கில், கிணற்று ஏற்றம் போல. முன் முனையில் விளக்கு. மூங்கிலின் வால் நீளம், பின் சாக்கில் ஓட்டை போட்டு வெளியே விட்டேன். முதல் சோதனை: விளக்கு சாய்ந்து எண்ணெய் அண்ணன் தொடையில். அவன் சொன்னதை எழுதினால் நோட்டு தீட்டாகிவிடும்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. எண்ணெயை மங்கில் ஊற்றி, திரி போட்டு, கம்பியில் தொங்கவிட்டேன். மூங்கில் எப்படிச் சாய்ந்தாலும் மங்கு நேராக நிற்கிறது. பின்னால் பால் டின் தகடு, வெளிச்சத்தைத் திருப்ப. மூங்கில் வழுக்காமல் இருக்க அச்சைச் சுற்றி ஒட்டுப்பால் இறுக்கிக் கட்டினேன்.

ஏற்றினால் ஏறி நிற்கும். இறக்கினால் இறங்கி நிற்கும். லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்: "தமிழ் தெரிஞ்ச வெளக்குடா. நில்லுன்னா நிக்கும்."

தோள் வலி. உடம்பெல்லாம் கொசுக்கடி. காரணம் எழுத இடமில்லை.

ஆனி 12, சனி

மழை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று தடவை கிணற்றடிக்குப் போய் தண்ணீர் எடுக்காமல் வந்தேன்.

பொழுது சாயும்போது கிராணி வந்துவிட்டார். கடிகாரம் இன்னும் திறந்தபடி. அண்ணன் நிமிராமல், "கொஞ்சம் எறக்கு" என்றான். விளக்கு இறங்கியது.

"யாரைச் சொல்றே?"

"வெளக்கை, ஐயா."

அண்ணன், "இன்னும் கொஞ்சம்." விளக்கு இன்னும் கொஞ்சம். அப்புறம் ஒரு சின்னச் சத்தம். டிக் டிக். மழையிலும் கேட்டது.

"திங்கக்கெழமை ஸ்டோருக்கு வந்துரு மாரி. இந்த வெளக்கையும் தூக்கிட்டு வா, துரை மேசையில மாட்டலாம். ஒன் தம்பி கெட்டிக்காரன்லா."

அம்மா ஓடி வந்து அண்ணன் தலையைத் தடவினாள். என் தலையையும். என் தலை ஏன் நனைந்திருக்கிறது என்று கேட்கவில்லை.

ஆனி 13, ஞாயிறு

நாளை லோரி. நாளையே விளக்கும். துரை முன்னால் விளக்கு தொங்கிப்போனால்? அண்ணனை ஏமாற்றுக்காரன் என்று லோரியில் ஏற்றிவிட்டால்?

எழுதிவிடுகிறேன். ஒட்டுப்பால் வெள்ளிக்கிழமையே இளகிவிட்டது. கையை எடுத்தால் விளக்கு மெல்லத் தலை கவிழும். இரண்டு சாயங்காலமும் காவல் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, சாக்குக்கு வெளியே, கொசுவிலும் மழையிலும், அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தபடி மூங்கில் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

மத்தியானம் அண்ணனிடம், "அது தானா நிக்காதுண்ணே, நாளைக்கு என்ன செய்யிறது?" என்றேன். அவன் எழுந்து போய் ஒரு கல்லை எடுத்து வந்து வாலில் கட்டினான். விளக்கு நின்றது. ஏற்றினான், நின்றது. இறக்கினான், நின்றது.

"நான் பிடிச்சிக்கிட்டு நின்னது மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சொல்லலை?"

"நீ அந்தப் பக்கம் ஓயாமப் பேசிக்கிட்டே இருந்தே. அது கேட்டுக்கிட்டு இருந்தா எனக்குக் கை நடுங்கலை."

கண்டுபிடிப்பாளன் பட்டத்தைத் திருப்பித் தருகிறேன். இரண்டு நாளும் நான் பார்த்தது ஒரு கல் பார்க்க வேண்டிய வேலை. கல் அதைப் பேசாமல் பார்க்கிறது.