பூனைக்குப் பிறகாவது

அக்கா,

இரவு வகுப்புக்குக் கிளம்பிவிட்டேன். என் சாவி என்னிடம் இருக்கிறது, நீ கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடு. சோறு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. இரண்டு முட்டையும் உனக்குத்தான், எனக்கென்று எடுத்து வைக்காதே.

ஆலயத் திரைச்சீலைகளைத் தேய்க்க நீ இன்று வரமாட்டாய் என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரியா என்று இன்னும் தெரியவில்லை. "நாள் முழுக்க சலவைக்கடையில நின்னு தேய்க்கிற பிள்ள, முதல்லயே சொல்லக்கூடாதா?" என்றுதான் கேட்டார்கள்.

நேற்று நான் கத்தியிருக்கக் கூடாது. ஆனால் சாப்பாட்டு ஜெபத்தில் நீ என்னைச் சொன்னாய், உன் முதலாளியைச் சொன்னாய், அடுத்த வீட்டுப் பூனையின் நொண்டிக் காலைக்கூட விடவில்லை. வீங்கிக் கிடக்கும் உன் முழங்காலை மட்டும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குன்னு கேக்க கூச்சமா இருக்குடி, சுயநலம் மாதிரி" என்கிறாய். இன்று செருப்பு மாட்டும்போதுதான் எனக்குத் தோன்றியது: புயலில் ஆடிய படகில் ஆண்டவரே தலையணை வைத்துத் தூங்கினாரே! சீடர்கள் மேல் அன்பில்லாமலா? களைப்புதானே, அது சுயநலமா? தப்பாகச் சொல்கிறேனோ என்னவோ, எனக்கும் கண் சொக்குகிறது.

வெந்நீர்ப் பை உன் கட்டிலில்.

பி.கு.: இன்று தனியாகத்தான் சாப்பிடுவாய், கேட்க ஆளில்லை. ஜெபத்தில் உன் முழங்காலையும் சேர்த்துக்கொள். பூனைக்குப் பிறகு சொன்னாலும் போதும்.