மேகம் எழும்பாத இடம்

திருநின்றவூர்
12 ஜனவரி 2025

கர்த்தருக்குள் அன்பான என் கணவருக்கு,

ஜெபா எழுதிக்கொள்வது. மலையில் யாராவது பிரித்துப் படித்துவிட்டால் பாஸ்டர் அம்மா எழுதிய கடிதம் மாதிரி இருக்கட்டும் என்றுதான் இப்படி ஆரம்பித்தேன். இனி வழக்கம்போல் எழுதுகிறேன்.

என்னங்க, சௌக்கியமாக இருக்கிறீர்களா? சாமைச் சோறு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? ஜவ்வாது மலையில் உங்கள் ஊருக்கு மட்டும் சிக்னல் எட்டாது என்கிறீர்கள். நம்பிவிட்டேன். ஜமுனாமரத்தூருக்கு இறங்கி வரும்போதாவது ஒரு போன் போட்டால் கை தேய்ந்துவிடாது. எதிர் மளிகைக்கடைக்கு யூசுப் பாய் மலையிலிருந்து வண்டியில் புளி மூட்டை இறக்க வருகிற நாளெல்லாம், கடிதம் இருக்கிறதா என்று நான் வாசலுக்கு ஓடுவதைப் பார்த்துக் கடைக்காரர் சிரிக்கிறார்.

இங்கே மழை விட்டும் ஏரித் தண்ணீர் தெருமுனையில் நிற்கிறது. அம்பத்தூர் தையல் கம்பெனிக்கு அதே ரயில், அதே நெரிசல். மொட்டை மாடிக் கொட்டகையில் இப்போது ஜெபக்கூட்டம் இல்லை. நீங்கள் போன பிறகு ஒவ்வொருவராக வேறு சபைகளுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் அங்கே துணி காயப் போடுகிறார்.

ஒரு ஆணி அடித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். கள்ளிக்குப்பம் வீட்டிலும் சரி, கரையான்சாவடி வீட்டிலும் சரி, நாம் ஆணியே அடித்ததில்லை. எகிப்தை விட்டு வந்த ஜனங்கள் வனாந்தரத்தில் மேகம் நின்றால் நின்றார்கள், மேகம் எழும்பினால் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார்கள், நமக்கும் அப்படித்தான், சுவரில் ஆணி எதற்கு என்பீர்கள். நம் கவியின் படம் அவள் போன நாளிலிருந்து அரிசி டிரம்மின் மேல் சாய்ந்தே நின்றது. போன வாரம் சரிந்து விழுந்து கண்ணாடி கீறிவிட்டது. அதனால்தான் அடித்தேன்.

ஞாயிறு மாலை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருகிறேன். மூன்று வருஷமாக அதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. நீங்களும் இரண்டு நாள் வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள்
ஜெபா


ஜவ்வாது மலை
30 ஜனவரி 2025

கர்த்தருக்குள் பிரியமான ஜெபாவுக்கு,

இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதமும் எலுமிச்சை ஊறுகாயும் வந்து சேர்ந்தன. ஊறுகாயில் பாதி வழியிலேயே யூசுப் பாயின் சோற்றுக்குப் போய்விட்டது என்று சந்தேகப்படுகிறேன். கேட்டால் ரோடு குலுக்கியது என்கிறார்.

இங்கே குளிர் எலும்பைப் பிடிக்கிறது. ஜனங்கள் நல்லவர்கள். சாயங்காலம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு பெண் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். வண்டி கிடைக்கவில்லை. தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை நடந்தேன். வழியெல்லாம் ஜெபித்துக்கொண்டே போனேன். பிழைத்துக்கொண்டாள். திரும்பி வந்து எனக்கு ஒன்றும் செய்ய ஓடவில்லை.

நமக்கு ஒரு ஓட்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது. உன் தையல் மெஷினைப் போட ஜன்னலோரம் இடம் உண்டு. இங்குள்ள பெண்கள் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார்கள். ஜெபா, மேகம் எழும்பிவிட்டது. எழும்பிய பிறகு பாளயத்திலேயே தங்கினால் அது கீழ்ப்படியாமை ஆகிவிடும். கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பியபோது எனக்கு முன்னால் பாத்திரங்களைக் கட்டியவள் நீ. அந்த ஜெபா எங்கே போனாள்? வருகிறேன் என்று ஒரு வார்த்தை எழுது. பாயின் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொள்ளலாம்.

கர்த்தருடைய ஊழியத்தில்
பிரசன்னா


திருநின்றவூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள உங்களுக்கு,

ஜன்னலோரம் என்று எழுதியிருந்தீர்கள். மெஷினுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதே என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அந்தக் குழந்தை பிழைத்ததைப் படித்து ரயிலிலேயே அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். நீங்கள் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது யாரை என்று எனக்குத் தெரியும். ஆனால் கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், கவி என்ற இரண்டு எழுத்தைக் காணோம்.

அவளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன ஞாயிறு கல்லறைத் தோட்டக் காவலாளி வரதன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "இன்னாம்மா, உனுக்கு விசயம் தெரியாதா? கமிட்டிக்காரங்கோ வந்து அல்லாத்தையும் அளந்துகினு போனாங்கோ. கட்டாத குயியெல்லாம் தொறக்கப் போறாங்களாம். உன் புள்ள எடமும் அதுல கீது. ஊட்டுக்காரர கூட்டிக்கினு போய் ஆயரப் பாரு" என்றார்.

டெங்குவில் அவள் போன அன்று நம் சபைக்கென்று ஒரு அடி கல்லறை நிலம் கிடையாது. பக்கத்து போர்ஷன் ராணி அக்காதான் தங்கள் கோயில் ஆயரிடம் ஓடிக் கெஞ்சி இடம் வாங்கினாள். இப்போது தோட்டம் நிரம்பிவிட்டதாம். அந்தக் கோயிலின் அங்கத்தினர் அல்லாதவர்களின் குழிகளை ஈஸ்டருக்குப் பிறகு வேறு அடக்கத்துக்குத் திறப்பார்களாம். நாம் அங்கத்தினராகச் சேர்ந்தால் அது குடும்பக் கல்லறை ஆகிவிடும். யாரும் தொடமாட்டார்கள்.

ஆயரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு அன்று புதியவர்களைச் சேர்க்கிறார்கள். பெற்றவர்கள் இரண்டு பேரும் வந்து நின்றால் நன்றாக இருக்கும் என்றார். உங்களை இங்கேயே இருக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு ஞாயிறு என் பக்கத்தில் நின்றால் போதும்.

உங்கள்
ஜெபா


ஜவ்வாது மலை
9 மார்ச் 2025

பிரியமான ஜெபாவுக்கு,

பதில் தாமதமானதற்குப் பாயைக் குறை சொல்லாதே. நோன்பு வைத்துக்கொண்டே மலையேறி வந்துபோகிறார். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது நான்தான்.

அந்தக் கோயிலில் போய் எப்படி நிற்பேன், நீயே சொல். பெயருக்குக் கிறிஸ்தவர்கள் என்று அவர்களைப் பற்றி மாடியில் மைக் வைத்துப் பேசியவன் நான். நம்பி வந்த ஜனங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? அன்று நடந்ததையும் நீ பார்த்தாய். தகப்பன் என்று மண் போடச் சொன்னார்கள். அவர்கள் சபை ஊழியக்காரன் இல்லை என்று ஒரு சின்ன ஜெபம் சொல்லவும் விடவில்லை. எத்தனையோ பேர் வீட்டுத் துக்கத்தில் ஜெபித்த வாயை என் சொந்தத் துக்கத்தில் மூடிக்கொண்டு நின்றேன். அவர்களை மன்னித்துவிட்டேன். மறக்கத்தான் முடியவில்லை.

அந்த இடத்தில் இருப்பது மண் ஜெபா. நாம் தேடுகிறது அங்கே இல்லை. காதேசில் மிரியாம் இறந்தாள், அங்கேயே அடக்கம் செய்தார்கள். மோசே தன் அக்காளின் குழியருகில் உட்கார்ந்துவிடவில்லை. வழிநடத்துகிறவர் முன்னே போனார், இவரும் பின்னே போனார். விசுவாசம் என்றால் அதுதானே?

ஆனாலும் உன் வேண்டுதலைத் தள்ளவில்லை. உபவாசம் இருந்து கேட்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். வசனம் வந்து உறுதியாகாமல் நான் கால் எடுத்து வைத்ததில்லை. போ என்று வார்த்தை கிடைத்தால் கட்டாயம் வருவேன்.

பிரசன்னா


திருநின்றவூர்
23 மார்ச் 2025

என்னங்க,

மிரியாம் வயதான மனுஷி. பாடி ஆடி, தம்பியோடு சண்டையும் போட்டு, நிறைய வாழ்ந்துவிட்டுப் போனாள். கவிக்கு ஒன்பது வயது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அதே ஜனங்கள் எகிப்தை விட்டுக் கிளம்பும்போது யோசேப்பின் எலும்புகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே, வனாந்தரம் முழுக்கச் சுமந்தார்களே, அதைப் பற்றி நீங்கள் ஏன் பிரசங்கித்ததே இல்லை? மண்தான் என்று அவர்களுக்குத் தெரியாதா? என்னால் அவளைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. முடிந்திருந்தால் நீங்கள் கிளம்பிய அன்றே கூட வந்திருப்பேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. மேகம் எழும்பிவிட்டது என்று நீங்கள் சொன்ன காலையில் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். உங்களுக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டியது. அவள் பள்ளிக்கூடப் பையைப் பார்க்க முடியவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சத்தம் தாங்க முடியவில்லை. அதனால் போனீர்கள். போனதைக் குற்றம் சொல்லமாட்டேன், எனக்கும் ஓடத்தான் தோன்றியது. அதற்குக் கர்த்தரின் பெயரைச் சொன்னதுதான் வலிக்கிறது. மேகம் நிற்கிறவரை, இரண்டு நாளானாலும் ஒரு வருஷமானாலும், ஜனங்கள் புறப்படாமல் இருந்தார்கள் என்றும் வேதத்தில் இருக்கிறது. எனக்கு இன்னும் எழும்பவில்லை. நானும் அவரை நம்பித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை அன்று ஜெபிக்க விடாததும் தப்புதான். ஆயரிடம் சொன்னேன். அவர் தலை குனிந்துகொண்டார். இந்த முறை கல்லறைக்குப் போய் நீங்களே ஜெபியுங்கள் என்றார்.

வசனத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் கூப்பிடுகிறேன், அது போதாதா? உங்கள் நீலச் சட்டையைத் தேய்த்து வைக்கிறேன்.

உங்கள்
ஜெபா


திருநின்றவூர்
21 ஏப்ரல் 2025

என்னங்க,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் வராது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குருத்தோலை ஞாயிறு கடைசி மணி அடிக்கும்வரை கோயில் வாசலில் நின்றேன். ஆட்டோ வந்தபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். ராணி அக்காதான் கையைப் பிடித்து, "வா ஜெபா, உள்ள போலாம். வர்றவரு வந்தா உள்ள வர மாட்டாரா?" என்று இழுத்துக்கொண்டு போனாள். ஆயர் என் பெயரை வாசித்தார். எழுந்து நின்றேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஜோடியாக, பிள்ளைகளோடு நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து யூசுப் பாய் வந்தார். மூட்டையை இறக்காமல் நேராக என்னிடம் வந்து நின்றார். "சனிக்கெயம பாஸ்டர் பையோட வந்து வண்டில குந்திகினாரும்மா. போளூர் வரிக்கும் பைபிள பொரட்டிகினே வந்தாரு. அப்பால, பாய் ஓரங்கட்டு, எனக்கு இன்னும் வார்த்த கெடைக்கலன்னாரு. நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன். எறங்கிக்கினாரு" என்றார். சொல்லிவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. போளூர் ரோட்டோரத்தில் பையோடு நீங்கள் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. அவ்வளவு தூரம் இறங்கி வந்தவருக்கு அதற்குமேல் என்ன வார்த்தை வேண்டியிருந்தது? வண்டியில் ஏற வைத்தவர் யார் என்று நீங்கள் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லையா?

நேற்று ஈஸ்டர். விடிகிற நேரத்தில் கல்லறைத் தோட்டத்திலேயே ஆராதனை வைத்தார்கள். கவியின் இடத்தைச் சுற்றி வரதன் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். நான் கேட்கவேயில்லை. இனி அவளை யாரும் தொடமாட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் வந்தார். சின்ன இடம், இன்னும் ஒருவரை மட்டும்தான் அதில் வைக்க முடியும், யார் பெயரை எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டார். உங்கள் பெயர் வாய்வரை வந்தது. சேராதவர் பெயரை எழுத மாட்டார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இங்கே இருக்க மாட்டேன் என்று போனவரைச் செத்த பிறகு கொண்டுவந்து கட்டிப்போட எனக்கு மனசு வரவில்லை. என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

மலைக்கு நான் வரமாட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். பிரிந்துவிட்டோம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்டால் ஊழியத்துக்குப் போயிருக்கிறார் என்பேன். அது பொய்யில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள்.

மோசேயை ஒரு பள்ளத்தாக்கில் அடக்கம் செய்தார் கர்த்தர், அந்தக் கல்லறை எங்கே என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்று கரையான்சாவடியில் ஒருமுறை பிரசங்கித்தீர்கள். எவ்வளவு பெரிய பாக்கியம் என்றீர்கள். சபையே ஆமென் என்றது. நானும் சத்தமாகச் சொன்னேன். நேற்று அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது அதுதான் ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் நீங்கள் போய்விட்டால், உங்களுக்கு நான் எங்கே வந்து ஏற்றுவேன்? யாரைக் கேட்பேன்?

ஜெபா